பதினெட்டு அடி ஒயர்

தணிகைவேலிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அட்டையில் 'மோட்டார்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான். தன்னைப் பெண் பார்க்க வந்தபோது இந்த மனுஷன் ஒரு துண்டுச் சீட்டில்கூடக் குறிப்பு எடுக்கவில்லை என்று அவன் மனைவி கல்பனா, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வருத்தம் எதுவும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விஷயம் ஒன்றும் பெரிதல்ல. பதினான்கு அடி நீளத்தில் ஒரு ஃபைபர் படகு. அதன் மூக்கில் மாட்டுகிற மாதிரி பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்று வேண்டும். அது தண்ணீருக்குள் ஒரு குட்டி விசிறியைச் சுற்றி, சத்தமில்லாமல், படகை நடைவேகத்தில் இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினேழு வருடம் எலக்ட்ரீஷியனாக இருப்பவனுக்கு மோட்டார் விஷயத்தில் 'அவ்வளவுதான்' என்று ஒன்று கிடையாது. இருபது டன் கிரேனுக்கு எந்த மோட்டார் என்பதை டீ ஆறுவதற்குள் சொன்னவன், இதற்கு ஐந்து மாதமாக யோசித்துக்கொண்டிருந்தான்.

படகு நின்றது புதுவாயலுக்கு மேற்கே உள்ள அவர்கள் ஊர் ஏரியில். ஏரியின் மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் முனுசாமி. அவர் மூன்று நிபந்தனைகளோடு படகுக்கு அனுமதி கொடுத்திருந்தார். ஞாயிறு காலை மட்டும் இறங்கலாம். முதலில் விழும் பெரிய மீன் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பெட்ரோல் இன்ஜின் கூடவே கூடாது. பெட்ரோல் வாசனை ஏறிய கெண்டையை அவர் வீட்டுப் பூனைகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுமாம்.

அது இரண்டு ஆள் படகு. பின்னால் நிற்பவன் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவான். முன்னால் நிற்பவன் வலை வீசுவான். ஏழு வருடமாகத் தள்ளியவன் அன்புசெல்வன், வீசியவன் தணிகைவேல். வலை வீசுவதுதான் வித்தை என்று கரையில் இருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். தள்ளுவதுதான் வித்தை என்பது படகில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியும். மீன் குமிழி விடுகிற இடத்துக்குப் பத்தடி முன்னால் படகை நிறுத்த வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், வலை விரிந்து விழும்வரை மூக்கு அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அன்பு பிடிப்பான். தணிகைவேல் ஒருநாளும் திரும்பிப் பார்த்து 'நில்லு' என்று சொன்னதில்லை. சொல்ல நினைக்கும்போதே நின்றிருக்கும்.

பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம் அன்புவின் வலது தோள் நின்றுபோனது. எங்கேயும் விழவில்லை, எதையும் தூக்கவில்லை. காலையில் எழுந்து சட்டை போடக் கையைத் தூக்கினான், கை வரவில்லை. சர்க்கரை இருப்பவர்களுக்கு இப்படித் தோள் இறுகிப்போவது உண்டு என்றும், சரியாக ஒன்றரை வருடம்கூட ஆகலாம் என்றும் டாக்டர் சொன்னார். அன்புவுக்குப் புதுவாயலில் எடைமேடையில் வேலை. லாரி ஏறும், அவன் உள்ளே உட்கார்ந்து பட்டனை அமுக்குவான். அதற்கு ஒரு கை போதும். வேலைக்குப் பழுதில்லை. ஆனால் பதினாறு அடி மூங்கிலைத் தலைக்கு மேல் தூக்கி ஊன்றுவதற்கு ஒரு கை போதாது.

"மோட்டார் ஒண்ணு வாங்கி மாட்டிக்கோ மச்சான்" என்றான். சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்க ஆரம்பித்தான்.

தணிகைவேல் மூன்று ஞாயிறு தனியாகப் போய்ப் பார்த்தான். பின்னால் நின்று தள்ளிவிட்டு, கழியைக் கீழே வைத்துவிட்டு, முன்னால் ஓடி வலையை எடுப்பதற்குள் படகு தன் இஷ்டத்துக்கு ஆகாயத்தாமரைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் ஞாயிறு வலையில் ஆகாயத்தாமரை விழுந்தது. இரண்டாவது ஞாயிறு அதுவும் விழவில்லை. மூன்றாவது ஞாயிறு தணிகைவேல் விழுந்தான். கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்த முனுசாமி, முதலில் விழுவது எனக்குத்தான் சேர வேண்டும், ஆனாலும் இது வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் நோட்டு வாங்கினான்.

முதல் பக்கத்திலேயே சிக்கல். மோட்டாரின் இழுவை பவுண்டு கணக்கில் இருந்தது. முப்பது, நாற்பது, ஐம்பத்தைந்து, அதற்கு மேல் என்றால் இரண்டு பேட்டரி. எது வேண்டும் என்பது படகும் ஆட்களும் சேர்ந்து எவ்வளவு எடை என்பதைப் பொறுத்தது. நூறு கிலோவுக்கு ஐந்து பவுண்டு என்றார் யூடியூபில் ஒருவர். இன்னொருவர் பத்து என்றார். இரண்டு பேரும் ஏரியில் ஆகாயத்தாமரை இல்லாத நாட்டில் இருந்தார்கள். எப்படியிருந்தாலும் படகின் எடை தெரிந்தாக வேண்டும்.

படகை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போனான். அன்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பட்டனை அமுக்கினான். படகோடு ஒரு முறை, படகை இறக்கிவிட்டு ஒரு முறை. கம்ப்யூட்டரில் பொருள் என்ற இடத்தில் நெல், மணல், ஜல்லி, ஸ்கிராப் என்று நான்குதான் இருந்தன. படகு இல்லை. அன்பு கொஞ்சம் யோசித்து ஸ்கிராப்பை அமுக்கினான். படகு நூற்றிருபது கிலோ என்று சீட்டு வந்தது.

"ஆளுங்க எடையும் சேக்கணுமாம்" என்றான் தணிகைவேல். "என்து எழுவத்திரண்டு. உன்து எவ்ளோ?"

அன்பு திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்ன இன்னாத்துக்கு சேக்குற? உன்து மட்டும் போட்டுக்கோ. மோட்டார் வந்துட்டா தள்றதுக்கு ஆளு எதுக்கு?"

பின்னால் ஒரு ஜல்லி லாரி ஹாரன் அடித்தது. தணிகைவேல் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினான். தினமும் நூறு லாரிக்கு எடை சொல்கிறவன் தன் எடையைச் சொல்ல மாட்டேன் என்றது வழியெல்லாம் பல்லில் சிக்கிய நாரைப் போல உறுத்திக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டில் இரண்டு பத்தி போட்டான். ஒன்றின் தலையில் 'அன்புவோடு', மற்றதன் தலையில் 'அன்பு இல்லாமல்'. அன்பு தொண்ணூறு கிலோ இருப்பான் என்று குத்துமதிப்பாக எழுதிக்கொண்டான். நூறு கிலோவுக்குப் பத்து பவுண்டு என்பதை ஆகாயத்தாமரைக்காகப் பதினைந்தாக்கிக்கொண்டான். அன்பு இல்லாமல் என்றால் நாற்பது பவுண்டு மோட்டார் தாராளம். அன்புவோடு என்றால் ஐம்பத்தைந்து வேண்டும். அன்பு இல்லாமல் என்றால் சின்ன பேட்டரி. அன்புவோடு என்றால் பெரியது. எல்லா வகையிலும் 'அன்பு இல்லாமல்' பத்திதான் லாபமாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அந்த நோட்டே பிடிக்காமல் போயிற்று. நான்கு நாள் அதைத் தொடவில்லை.

ஐந்தாம் நாள் கல்பனா எடுத்துப் படித்தாள். அவள் சிப்காட்டிலேயே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். நாளெல்லாம் கையில் ஒரு அளவுகோலோடு, சரி, ரிஜெக்ட், சரி, ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவது வேலை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கை சும்மா இருக்காது. எடைச் சீட்டைத்தான் முதலில் பார்த்தாள். நம் படகு எப்போது ஸ்கிராப் ஆனது என்று கேட்டாள். பிறகு பேட்டரி என்று எழுதியிருந்த இடத்தில், வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையே ஞாயிறு மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று அவன் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்ததைப் பார்த்தாள்.

"ரிஜெக்ட்" என்றாள்.

அடுத்த பக்கத்தில் படகின் படம் இருந்தது. மூக்கில் மோட்டார், அதற்குப் பின்னால் தரையில் ஒரு பெடல், பெடல் மேல் ஒரு கால். கையில் வலை இருப்பதால் காலால் ஓட்டுகிற மாடல். கல்பனா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகின் மூக்கில் முக்கோணமாக ஒரு பலகை உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்து வரும் வழியில் கல்பனா ஏரிக்கரையில் இறங்கி, அந்தப் பலகையைக் கழுவி, மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்துவிட்டு வருவாள். ஏழு வருடத்தில் யாரும் அதில் கால் வைத்ததில்லை. தணிகைவேல் ஒரு அடி தள்ளி நின்றுதான் வலை வீசுவான். தவறிப்போய் கட்டைவிரல் பட்டால்கூடத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வான்.

"அங்கயா மாட்டப்போறீங்க?"

அங்கேதான் மாட்ட முடியும் என்றும், அதற்காகத்தான் இதற்கு மூக்கு மோட்டார் என்று பெயர் என்றும், பின்னால் மாட்டினால் படகைத் தள்ளும், முன்னால் மாட்டினால்தான் கயிறு கட்டி மாட்டை இழுக்கிற மாதிரி நேராகப் போகும் என்றும் அவன் பத்து நிமிஷம் விளக்கினான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சாமி உக்காந்த எடத்துல மோட்டார் உக்கார்றது ஒண்ணும் தப்பில்ல. அதுவும் நமக்கு சோறு போடறதுதான். ஆனா பொட்டுக்கு எதுர்ல கால நீட்டி மிதிச்சிக்கினு இருந்தீங்கனா, அது ரிஜெக்ட்."

அப்படியானால் மிச்சம் இருந்தது ரிமோட் மாடல்தான். அதைத்தான் யூடியூபில் இருந்த இரண்டு பேரும் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

மறு வாரம் விடுப்புப் போட்டுவிட்டு ராயபுரத்துக்குப் போனான். படகுச் சாமான் விற்கிற கடை. கடையைப் பார்த்துக்கொண்டவள் விக்டோரியா என்ற ஐம்பது வயது அம்மாள். காதில் பச்சைப் பேனா செருகியிருந்தாள். நோட்டைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நோட்டோடு வருகிறவர்கள் சீக்கிரம் போகமாட்டார்கள் என்பது அவளுக்கு அனுபவம்.

விசிறியைத் தண்ணீருக்குள் இறக்கும் கம்பியின் நீளத்தில் ஆரம்பித்தார்கள். மூக்குப் பலகையிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று கேட்டு, நாற்பத்தெட்டு அங்குலக் கம்பி என்று அவள் முடித்துவைத்தாள். ஏரித் தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று கேட்டாள். ஏரி என்றதும் உப்புக்கென்று தனியாகப் பூச்சு போட்ட மாடல்களை ஒரே கையால் ஓரம் தள்ளினாள். ஆகாயத்தாமரை என்றதும் பாசி சுற்றாத விசிறி ஒன்றை எடுத்து வைத்தாள். ஐந்து மாதம் நோட்டில் எழுதியதை அவள் ஒரு கால் மணி நேரத்தில் அடித்துக்கொண்டே வந்தாள். தணிகைவேலுக்கு மரியாதை உண்டாயிற்று, கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

பிறகு ரிமோட் மாடலை எடுத்தாள். கடைப் பின்புறம் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதில் இறக்கி ஓட்டிக் காட்டினாள். ரிமோட் ஒரு சோப்புக் கட்டி அளவுதான். கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

"இந்த நங்கூரம் போட்ட பட்டன அமுத்துனீங்கனா படகு அங்கயே நிக்கும்ணா. காத்து அடிக்கட்டும், தண்ணி இழுக்கட்டும், எடத்த விட்டு அசையாது. மேல இருக்கற சாட்டிலைட்ட பாத்து பாத்து அதுவே திருப்பிக்கும்."

எத்தனை சாட்டிலைட் என்று அவன் கேட்டான். பத்துப் பன்னிரண்டு பார்க்கும் என்றாள். அன்பு ஒரு மூங்கிலை வைத்துக்கொண்டு செய்ததைச் செய்ய வானத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் தேவைப்படுகிறார்கள் என்று தணிகைவேல் நினைத்துக்கொண்டான். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதென்றால் அன்புவிடம்தான் சொல்ல வேண்டும்.

"தனியா போறவங்க எல்லாம் இத்தான் வாங்கினு போறாங்க" என்றாள் விக்டோரியா. விலைப்பட்டியலில் அந்த மாடலின் படத்தைப் பச்சைப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'ஸ்டாக் 3' என்று எழுதினாள். "உங்க படகுல எத்தினி பேருண்ணா?"

அதற்குப் பதில் நோட்டில் இரண்டு பத்தியாக இருந்தது. தணிகைவேல் நோட்டைத் திறந்தான். மூடினான். தொட்டியில் மோட்டார் இன்னும் தானாகச் சுற்றிக்கொண்டு, யாரும் கேட்காமலே ஒரு இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"அந்த பெடல் மாடல்ல," என்றான், "பெடலுக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஒயரு எவ்ளோ நீளம்?"

விக்டோரியா பேனாவை மறுபடி காதில் செருகிவிட்டு முதல்முறையாக யோசித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. பெட்டியைப் பிரித்து, ஒயரைக் கடை வாசலிலிருந்து காலண்டர் மாட்டிய சுவர்வரை இழுத்து அளந்தார்கள். பதினெட்டு அடி.

"பெடல முன்னாடிதானண்ணா வெப்பாங்க. எதுக்கு இவ்ளோ ஒயரு?"

"எங்க படகு பதினாலு அடி" என்றான் தணிகைவேல். "ஓட்றவன் பின்னாடி உக்காருவான்."

ஐம்பத்தைந்து பவுண்டு பெடல் மாடல் ஒன்றும், அதற்கேற்ற பேட்டரி ஒன்றும் வாங்கிக்கொண்டான். வட்டம் போட்ட விலைப்பட்டியலை ஞாபகமாக அவன் பையில் மடித்து வைத்தவள் விக்டோரியாதான். மனசு மாறினால் ஏழு நாளுக்குள் வரச் சொன்னாள்.

மோட்டார் வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. அன்புவைக் கூப்பிட வேண்டும். ஏழு வருடத்தில் தணிகைவேல் அவனைப் படகுக்கு வா என்று கூப்பிட்டதே இல்லை. ஞாயிறு ஐந்தரை மணிக்குக் கரைக்குப் போனால் அங்கே கழியோடு நின்றுகொண்டிருப்பான். வருகிறவனைக் கூப்பிடத் தெரியும், வராதவனைக் கூப்பிட எந்த வார்த்தை என்று தெரியவில்லை. போன் போட்டு, மோட்டார் வாங்கிவிட்டேன் என்றான். நல்ல மோட்டாரா என்று அன்பு கேட்டான். நல்ல மோட்டார்தான் என்றான். அப்படியென்றால் சரி என்று அன்பு வைத்துவிட்டான். இரண்டு ஆண்பிள்ளைகள் பேசினால் அவ்வளவுதான் வரும்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் கல்பனா.

"சரின்றான்."

"வராராமா?"

"அத்த நான் கேக்கல."

மூக்குப் பலகையில் எத்தனை ஓட்டை போட வேண்டும் என்று மட்டும் கல்பனா கேட்டாள். நான்கு என்றான். பொட்டு வைக்கிற இடத்திலா என்றாள். சுற்றி என்றான். அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாக அவள் பேசியது மட்டும் கேட்டது.

"அண்ணே, நான்தான். வர்ற ஞாயித்துக்கெழம காதுகுத்து வெச்சிக்கிறோம். மாமன் நீங்கதான், மடி குடுக்கணும்... நர்மதாக்கு இல்ல, அவளுக்குதான் அப்பவே குத்தியாச்சே. இது வேற ஒருத்தி. வந்து பாருங்க... ஆறு மணிக்கு."

கல்பனாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. பத்து வருடம் முன்பு திருப்பாச்சூர் கோயிலில் மகள் நர்மதாவுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடிக்கு ஆளில்லாமல், அன்புவைத்தான் உட்காரவைத்தார்கள். நர்மதா அவன் புது வேட்டியை நனைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் இந்த வீட்டுக்கு மாமன். மாமன் என்று கூப்பிட்டுவிட்டால் காய்ச்சலாக இருந்தாலும் வந்துதான் ஆக வேண்டும். தோளுக்கு அதில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, எல்லோரும் ஏரிக்கரையில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அன்பு அங்கே வந்து சேர்ந்தான். பட்டுக்கரை வேட்டி. இடது கையில் ஒரு தாம்பாளம். அதில் தேங்காய், ஆறு வாழைப்பழம், வெற்றிலைப் பாக்கு, இரண்டு வயசுக் குழந்தைக்கான ரோஸ் கலர் கவுன் ஒன்று. கவுனில் முயல் படம் போட்டிருந்தது. கரையில் தணிகைவேல் லுங்கியோடு டிரில் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான். கல்பனா மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை எதுவும் தென்படவில்லை.

அன்பு சுற்றிப் பார்த்தான். படகைப் பார்த்தான். அதன் மூக்கில் மஞ்சள் பூசி, ஒரு முழம் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது.

"இவளுக்காம்மா?"

"நாலு எடத்துல குத்தணும்ணே. மாமன் இல்லாம எப்டி குத்தறது?"

தாம்பாளத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்பு அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் கவுன் வைத்துக்கொண்டு கோபித்துக்கொள்வது சுலபமில்லை.

"ரெண்டு வயசு கவுனு எடுத்தேன்" என்றான் கடைசியில். "இவளுக்கு ஏழு வயசு ஆவுது. சின்னதா பூடுமே."

பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தான். படகின் மூக்கைத் தூக்கி அவன் மடியில் சாய்த்தார்கள். தணிகைவேல் குறி வைத்த இடத்தில் டிரில்லை ஊன்றினான். வலிக்குமா என்று அவளைக் கேட்கச் சொன்னான் அன்பு. முதல் ஓட்டை விழுந்தது. வெள்ளையாக ஃபைபர் தூள் வேட்டியெல்லாம் கொட்டியது. நர்மதாவே பரவாயில்லை என்றான். நான்கு ஓட்டையும் போட்டு முடித்ததும் கல்பனா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்தாள்.

போல்ட் மாட்டும்போதுதான் தணிகைவேல் ஐந்து மாதமாக நோட்டில் எழுதாமல் விட்ட ஒன்று தெரியவந்தது. மேலே ஸ்பேனர் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அடியில், பலகைக்குக் கீழே கையை விட்டு நட்டைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்வதற்குக் கை ஒன்றரை அடி கூடுதலாக இருந்தால்தான் முடியும். தனியாகப் போகிறவர்களுக்கு என்று விற்கிற மோட்டாரையும் தனியாக மாட்ட முடியாது. அன்பு கேட்காமலே இடது கையை உள்ளே விட்டு நட்டைப் பிடித்தான். பிடித்தது அசையவில்லை.

தண்ணீரில் இறக்கினார்கள். மோட்டார் தலையில் வெயில் படக்கூடாது என்று கல்பனா கவுனை எடுத்து அதற்குப் போட்டுவிட்டாள். அளவு சரியாக இருந்தது. ஒயர் படகின் ஓரமாகவே ஓடி, பின் பலகைவரை வந்து, நான்கு அடி மிச்சமாகி, சுருண்டு கிடந்தது. பெடலை அங்கே வைத்தான் தணிகைவேல். வேறெங்கே வைப்பது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"உக்காரு. வெரல அமுத்துனா வலது, குதிங்கால அமுத்துனா இடது. நடுவுல இருக்கற பட்டன மிதிச்சா ஓடும்."

அன்பு பெடலைப் பார்த்தான். ஒயர் போன வழியே கண்ணை ஓட்டி மூக்குவரை போய்த் திரும்பி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

மோட்டார் ஓடியது. சத்தமே இல்லை. சத்தமே இல்லாமல் படகு இரண்டு வட்டம் அடித்துவிட்டு, சத்தமே இல்லாமல் ஆகாயத்தாமரைக்குள் போய் நின்றது. கரையில் முனுசாமி வாயில் பிரஷ்ஷோடு நின்று பார்த்தார். ரோஸ் கவுன் போட்டுக்கொண்டு தன் ஏரியில் சுற்றுவது என்ன என்று கேட்கத் துப்பிவிட்டு வந்தவர், கேட்காமலே நின்றுவிட்டார்.

முதல் குமிழி தெரிந்தபோது படகு நிற்காமல் அதன் மேலேயே ஏறிப் போயிற்று. ஏழு வருடத்தில் முதல் தடவையாகத் தணிகைவேல் வாயைத் திறந்து, "நில்றா" என்றான். காலை எடுத்தால் நிற்கும் என்று நினைத்தேன், அது வழுக்கிக்கொண்டே போகிறது என்றான் அன்பு. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில் முன்கூட்டியே காலை எடுத்துவிட்டான், வலை விழுந்தது ஒரு பக்கம், மீன் போனது ஒரு பக்கம். இரண்டு பேரும் மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். கழி இருந்த காலத்தில் அவர்கள் படகில் இவ்வளவு பேசியதில்லை.

எட்டாவதோ ஒன்பதாவதோ வீச்சில், தணிகைவேல் சொல்ல வாயெடுத்தபோது படகு நின்றிருந்தது. திரும்பிப் பார்க்கலாமா என்று நினைத்து, பார்க்காமல் வீசினான். மூன்று கிலோ கட்லா ஒன்று.

அது முனுசாமி பங்கு. எதிலாவது சுற்றிவைக்க வேண்டும் என்று அன்பு தணிகைவேலின் பைக்குள் கையை விட்டான். கையில் வந்தது விலைப்பட்டியல். பிரித்துப் பார்த்தான். பச்சை வட்டம். அடியில் எழுதியிருந்ததை உதடு அசையப் படித்தான்.

"ரிமோட்டாமே இது. ஒரே ஆளு போதுமாம். எடத்த விட்டு அசையாம தானா நிக்குமாம்."

"ம்."

"இத்த ஏன் வாங்கல?"

தணிகைவேல் வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தான். "ஸ்டாக் இல்லன்னாங்க."

அன்பு காகிதத்தைப் பார்த்தான். வட்டத்துக்குப் பக்கத்தில் 'ஸ்டாக் 3' என்று பச்சையில் பளிச்சென்று இருந்தது. பிறகு காகிதத்தைப் பலகையில் விரித்து, கட்லாவை அதன் மேல் வைத்து, வட்டம் உள்பக்கம் போகிற மாதிரி இறுக்கிச் சுற்றி, மேலே மல்லிகை நாரால் ஒரு கட்டுப் போட்டான்.

வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அந்தப் பக்கம் சிப்காட் புகைபோக்கிகள் ஞாயிறு என்றும் பாராமல் புகை விட்டுக்கொண்டிருந்தன. நாஷ்டாவுக்குக் கரைக்குப் போகலாம் என்றான் தணிகைவேல்.

"எம்பத்தொம்பது" என்றான் அன்பு.

"இன்னாது?"

"என் எடை. அன்னிக்கி கேட்டியே."

தொண்ணூறு என்று போட்டிருந்தான். ஒரு கிலோதான் தப்பு. நோட்டு வீட்டில் இருந்தது, போய்த்தான் திருத்த வேண்டும். தணிகைவேல் பொட்டுக்கு ஒரு அடி தள்ளி உட்கார்ந்துகொண்டான். அன்பு கரையை நன்றாகப் பார்த்துவிட்டு, நிதானமாகக் குதிங்காலை அமுக்கினான். இடது பக்கம் போக வேண்டிய படகு இடது பக்கமே போயிற்று. கரை வலது பக்கம் இருந்தது.